மார்பளவு உயரம்

டேராடூன்

மகள் காட்டைப் படிக்கிறாள் என்று சொன்னால் எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள் வரும். "ரேஞ்சர் ஆகப்போறாளா?" என்பது ஒன்று. "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் காட்டுக்குள்ள விட்டுட்டு எப்படி டீச்சர் தூங்குறீங்க?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒழுங்கான பதில் எனக்குத் தெரிந்ததில்லை. மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்தாள். அங்கிருந்து டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதுநிலைப் படிப்புக்குப் போனாள். 2024 மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில், அவளுடைய களப்பணிக்கு நானும் கூடப் போய்வந்தேன்.

அவளுடைய தாத்தா, என் அப்பா, கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர். விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். சீமைக் கருவேலத்தை வெட்டிக் கும்பமாக அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பை விட்டு நாள்கணக்கில் புகைய வைப்பார்கள். மூட்டத்தில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். ராத்திரி முழுக்க அப்பா மண்வெட்டியோடு மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். மரத்தை எரித்து எங்களைப் படிக்கவைத்தவரின் பேத்தி மரத்தைக் காக்கப் படிக்கிறாள் என்பதில் எனக்கு ஏதோ பழைய கணக்கு நேரான மாதிரி இருந்தது. அது அவ்வளவு லேசில் நேராகிற கணக்கு இல்லை என்று இந்தப் பயணத்தில்தான் உறைத்தது.

வன ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய கட்டடம் 1929இல் திறக்கப்பட்டது. செங்கல் சுவரும் தூண்களும் முற்றங்களுமாக, ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிற ஆள் கைக்குழந்தை அளவுக்குத் தெரிகிறார். நிறுவனம் அதைவிடப் பழையது, 1906. அங்கே ஆறு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. மகள் என்னை நேராக மர அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய் ஒரு தேவதாரு வட்டின் முன்னால் நிறுத்தினாள். குறுக்கே அறுத்த அடிமரம். வயது 704 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். விரல் படாமல் காற்றிலேயே வளையங்களை எண்ணிப் பார்த்தேன். எண்பதைத் தாண்டும்போது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அந்த விதை முளைத்தபோது மதுரையில் பாண்டியர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். நல்ல மழை பெய்த வருடத்து வளையம் அகலமாகவும் வறண்ட வருடத்து வளையம் நூல் மாதிரியும் இருக்கும் என்று 26 வருடமாகப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"மரத்தைப் பத்திப் படிக்கிறதுக்கு எதுக்குத் தாயி அரண்மனை?" என்றேன்.

"ரயிலுக்கும்மா" என்றாள்.

தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற கட்டைகளுக்காகத் தேவதாருவும் சாலும் தேக்கும் மலைமலையாக வெட்டப்பட்ட காலம் அது. இப்படியே வெட்டினால் மிஞ்சாது என்று தெரிந்ததும், 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரைக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளராக நியமித்தார்கள். 1878இல் டேராடூனில் வனப்பள்ளி தொடங்கியது. அதே 1878இல் வனச்சட்டமும் வந்தது. முதல் நாள் வகுப்பில் அவளுடைய ஆசிரியர் கரும்பலகையில் 1878 என்று எழுதி, அதற்குக் கீழே மறுபடியும் 1878 என்று எழுதினாராம். "ஒன்று நீங்கள் படிக்கிற படிப்பு பிறந்த வருடம். இன்னொன்று காட்டில் விறகு எடுப்பது குற்றமான வருடம். இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்" என்றாராம். அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்ததற்காக மகளுடைய தலையெழுத்தை வாழ்த்தினேன்.

பிராண்டிஸ் கிராமத்துக்கென்று தனிக் காடுகள் வேண்டும் என்று வாதாடியவர். சட்டப் புத்தகத்தில் அதற்கு இடமும் இருந்தது. நடப்பில் பெருகியது அரசின் காப்புக்காடுதான். அவரே பின்னால் நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சுற்றினார். 1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது.

சாயங்காலம் விடுதி மொட்டை மாடியிலிருந்து முசூரி மலையைக் காட்டினாள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் அந்த மலையைத் தோலுரித்து வைத்திருந்தன. 1985இல் உச்ச நீதிமன்றம் அவற்றில் பலவற்றை மூடச் சொன்னது. ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களைக் கொண்டு 1982இல் உருவாக்கிய சுற்றுச்சூழல் படைப்பிரிவு அந்த வெள்ளைச் சரிவுகளில் மரம் நட்டது. இப்போது பச்சையாகத்தான் இருக்கிறது. காட்டுத்தீப் புகை மட்டும் மலை முகட்டை மறைத்துக்கொண்டு நின்றது.

தேவபிரயாகை

ரிஷிகேசம் தாண்டியதும் சாலை கங்கையை விட்டு விலகுவதேயில்லை. யாத்திரைக்காலம் வேறு. பத்ரிநாத் போகிற வண்டிகள் எறும்புச்சாரை மாதிரி ஊர்ந்தன.

தேவபிரயாகையில் இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ஒரு பக்கத்திலிருந்து பாகீரதி பச்சையாக வருகிறது. மறுபக்கத்திலிருந்து அலகநந்தா தேநீர் நிறத்தில் வருகிறது. கலந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டும் ஒரே படுக்கையில் தனித்தனியாகவே ஓடுகின்றன. சுற்றிலும் நின்றவர்கள் அது மாமியார் மருமகள் ஒத்துப்போகாத கதை என்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் வேறொன்று சொன்னாள். பாகீரதியில் மேலே டெஹ்ரி அணை இருக்கிறது. வண்டலெல்லாம் அங்கேயே படிந்துவிடுவதால் தண்ணீர் தெளிந்து வருகிறது. அலகநந்தா தான் அறுத்த மண்ணைத் தானே சுமந்து வருகிறது. "கலங்கின தண்ணிதாம்மா வயலுக்கு நல்லது. தெளிஞ்ச தண்ணியப் பார்த்தா மண்ணு எங்க போச்சுன்னு கேக்கணும்" என்றாள்.

இந்த ஊரைக் கண்டம் என்னும் கடிநகர் என்று பாடியவர் பெரியாழ்வார். எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சின்ன வயதில் பாட்டி சொல்லக் கேட்டபோது அந்தப் பெயரை ஏதோ வானத்தில் இருக்கிற ஊர் என்று நினைத்திருந்தேன். ரகுநாதர் கோயில் வாசலில் ஆற்றின் இரைச்சலில் நின்றபோது பாட்டி பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

சாலையோரக் கடை ஒன்றில் மதியச் சாப்பாடு. கறுத்த ரொட்டியை விண்டு வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கேப்பை. இங்கே மண்டுவா என்கிறார்கள். தொட்டுக்கொள்ள வந்த 'கஹத்' பருப்பு நம் கொள்ளு. கடைசியாக ஒரு கிண்ணத்தில் பாயசம். ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். குதிரைவாலி! எங்கள் கரிசல் காட்டில் விளைகிற குதிரைவாலி இங்கே ஜங்கோரா என்ற பெயரில் பாலில் வெந்து கிடக்கிறது. கடைக்கார அம்மாவிடம் மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன், எங்கள் ஊரிலும் இதே மூன்றும் உண்டு, மானாவாரியில் விளையும் என்று. அந்த அம்மா நம்பவில்லை. தென்னாட்டில் எல்லோரும் மூன்று வேளையும் சோறும் தேங்காயும் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். கைப்பேசியில் வைத்திருந்த எங்கள் குதிரைவாலிக் காட்டுப் படத்தைக் காட்டியதும் அடுப்படியிலிருந்த மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இன்னொரு கிண்ணம் பாயசம் வந்தது. காசு வாங்கவில்லை.

ஸ்ரீநகர்

காஷ்மீரத்து ஸ்ரீநகர் அல்ல. இது அலகநந்தாக் கரையில் இருக்கிற கார்வால் ஸ்ரீநகர். எங்களுக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மலைமக்கள் போராடி 1973இல் வாங்கிய பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. இன்று அது ஹேமவதி நந்தன் பகுகுணா பெயரில் மத்தியப் பல்கலைக்கழகம். மகளுடைய தோழி ஒருத்தி அங்கே உயர்மலைத் தாவரங்களுக்கான ஆய்வு மையத்தில் இருக்கிறாள். அழிந்து வருகிற மூலிகைகளை விவசாயிகளின் வயலிலேயே விளைவிக்க வழி தேடுகிறார்கள். அவள் காட்டிய நாற்றுகளின் பெயரைக் கேட்டதும் அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடை வாசம் மூக்கில் ஏறியது. கடுகுரோகிணி, அதிவிடயம். பிள்ளை பெற்ற வீட்டில் உரை மருந்துக்கு அதிவிடயம் வாங்கிவரச் சொல்லாத கிழவி எங்கள் ஊரில் கிடையாது. அது எங்கே முளைக்கிறது, யார் பிடுங்குகிறார்கள், பிடுங்கினால் மறுபடி வர எத்தனை வருடம் ஆகும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. மரத்தெல்லைக்கு மேலே, பனி உருகி விடுகிற சில மாதங்களில் மட்டும் வளர்கிற செடி. வேரோடு பிடுங்கினால் போயிற்று.

அங்கிருந்து மேலே ஏற ஏற, மலை முழுக்கச் சீர் பைன். நெட்டையாக, அழகாக இருக்கிறது. அடியில் ஒரு புல் கிடையாது. காய்ந்த ஊசியிலைகள் கணுக்கால் அளவு பழுப்பு மெத்தையாகக் கிடக்கின்றன. பிரூல் என்று பெயர். தீப்பிடிக்க ஒரு பீடித்துண்டு போதும். ரயில்கட்டைக்கும் பிசினுக்கும் ஆகும் என்று வெள்ளைக்காரர் காலத்தில் பைனைப் பெருக்கினார்கள். மாடு தின்னாத, ஊற்றைக் காக்காத மரம் மக்களுக்கு வேண்டாததாக இருந்தது. 1921இல் குமாவூன் மலைகளில் மக்களே பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் வந்தன. கிராமத்துக் காட்டைக் கிராமமே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்று உத்தராகண்டில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

நாங்கள் போன மே மாதத்தில் தீ கட்டுக்கடங்காமல் இருந்தது. பிரூலைக் கூட்டிக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. ஒரு வளைவில் எங்கள் ஜீப்பை நிறுத்திவிட்டார்கள். எதிர்ச்சரிவில் நெருப்பு மெதுவாக, சத்தமில்லாமல், ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் பச்சை இலைக்கொத்துகளால் அதை அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. புகையின் வாசம் அப்பாவின் சட்டையில் வீசிய அதே வாசம்.

மண்டல்

கோபேஷ்வரைத் தாண்டி 13 கிலோமீட்டர். பைன் காடு முடிந்து இலை அகலமான காடு தொடங்குகிற இடத்தில் வெயிலே மாறிவிடுகிறது. காதில் தண்ணீர்ச் சத்தம் விழுகிறது. மண் கறுப்பாக, அழுத்தினால் பஞ்சு மாதிரி. பாஞ்ச் என்கிற ஓக் மரங்கள். இலையின் மேற்பக்கம் கரும்பச்சை, கீழ்ப்பக்கம் வெள்ளி. காற்று அடித்தால் மலையே திரும்பிப் படுக்கிற மாதிரி நிறம் மாறும். நடுநடுவே புரான்ஷ் மரங்கள். பூக்காலம் முடிந்து அடியில் சிவப்புச் சருகு கிடந்தது. இதன் உடன்பிறப்பு நம் நீலகிரிச் சோலைகளில் இருக்கிறது, காட்டுப்பூவரசு. நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு எங்கும் இந்த மரம் கிடையாது. குளிர்காலம் நீண்டிருந்த ஒரு யுகத்தில் தெற்கே வந்து, பூமி சூடானபோது மலை உச்சியில் மாட்டிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். மகள் அதைச் சொன்னபோது, வடக்கே வந்து தங்கிவிட்ட அவளையும் தெற்கே தங்கிவிட்ட என்னையும் நினைத்துக்கொண்டேன்.

மண்டலில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவுக்கு என் வயது இருக்கும். என்னை 'தீதீ' என்றார். மகளை 'நௌனி' என்றார். கார்வாலியில் பெண்பிள்ளை என்று அர்த்தம். விடிகாலை அரிவாளும் கயிறுமாகக் கிளம்பிவிடுவார். எட்டு மணிக்குத் திரும்பும்போது ஆளைக் காணோம், நடந்துவருகிற ஒரு புல்மலைதான் தெரியும். இங்கே புல்லறுக்கிற பெண்களுக்குக் கசியாரி என்று பெயர். மாட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு, வயலுக்குச் சாணத்தோடு கலக்க ஓக் சருகு, குடிக்க ஊற்றுத் தண்ணீர், நான்கும் இந்தக் காட்டிலிருந்துதான். நான்கையும் சுமக்கிற முதுகு பெண்ணுடையது.

மகளுடைய ஆய்வு, பாஞ்ச் காட்டில் புதிய கன்றுகள் ஏன் குறைவாக வருகின்றன என்பது. சரிவில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுவாள். உள்ளே இருக்கிற ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுப்பாள். முளைகளை மண்டி போட்டு எண்ணுவாள். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கிற வேலை எனக்கு. மரத்தை மார்பளவு உயரத்தில் அளக்க வேண்டும், அது தரையிலிருந்து 1.37 மீட்டர் என்பது விதி. சரிவாக இருந்தால் மேட்டுப்பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். நான் நின்றேன். டேப் என் உதட்டுக்கு வந்தது. மண்டல் அம்மா நின்று பார்த்தார். அவருக்கும் உதட்டுக்குத்தான். "யாரோட மார்பு தாயி இது?" என்று கேட்டேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இங்க புல்லறுக்கிற யாரோடதும் இல்லம்மா" என்றாள்.

அன்று மதியம் வரை பதினொரு சதுரம் முடித்தோம். இரண்டில்தான் ஓக் கன்றுகள் தேறின. ஆடுமாடு கடித்திருக்கும், கிளை கழிக்கிற மரத்தில் விதை குறையும் என்று மகள் குறித்துக்கொண்டாள். மண்டல் அம்மா கீழே உட்கார்ந்து சருகை விலக்கி, ஓர் ஓக் விதையை எடுத்துக் காட்டினார். மூக்கு உடைந்து வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் இறங்கியிருந்தது. மேலே இலை ஒன்றும் இல்லை. முதலில் வேர்தான், ஆழம் கண்ட பிறகுதான் இலை என்றார். "மேலே பார்த்து எண்ணினால் கணக்குத் தப்பும்" என்று மகள் மொழிபெயர்த்தாள். காட்டின் ஒரு பகுதியை அவர்கள் சில வருடம் மூடிவைப்பார்கள், அங்கே அரிவாள் போகாது. எந்த மரத்தில் எவ்வளவு கழிக்கலாம், உச்சிக் கொப்பை எப்போதும் விட வேண்டும் என்றெல்லாம் மாமியார் சொல்லி மருமகளுக்கு வரும். இப்போது மருமகள்கள் பலர் டேராடூனில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். யாருக்குச் சொல்ல என்று கேட்டார். மகளுக்குச் சொல்லுங்கள் என்றேன். அன்று ராத்திரி அடுப்படியில் இரண்டு பேரும் பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

இந்த ஊரில்தான் 1973 ஏப்ரலில் சிப்கோ தொடங்கியது. சிப்கோ என்றால் ஒட்டிக்கொள், கட்டிக்கொள். காரணமாக இருந்தது அங்கு என்கிற ஒரு மரம். கனம் இல்லாத, உறுதியான மரம். நுகத்தடிக்கும் ஏருக்கும் அதைத்தான் வெட்டுவார்கள். கோபேஷ்வரில் சண்டி பிரசாத் பட்டும் அவருடைய தோழர்களும் நடத்திய தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் உழவுக்கருவி செய்யச் சில அங்கு மரங்கள் கேட்டது. வனத்துறை மறுத்தது. பைனில் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். அதே அங்கு மரங்கள் அலகாபாத்தில் விளையாட்டுப் பொருள் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டன. மக்கள் மண்டலில் கூடி, மரத்தைக் கட்டிக்கொள்வோம் என்று நின்றார்கள். கம்பெனி ஆட்கள் திரும்பினார்கள்.

அந்த வீட்டுத் தொழுவத்தில் பழைய நுகத்தடி ஒன்று சாத்தியிருந்தது. எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். கனமே இல்லை. எங்கள் ஊரில் மஞ்சணத்தியில் செய்வார்கள், காரணம் அதேதான், மாட்டின் கழுத்துக்குப் பாரம் ஆகக்கூடாது. பைனில் நுகம் செய்யச் சொன்னவர் மரம் படித்தவர். மாட்டின் கழுத்தைத் தொட்டுப் பார்க்காதவர். என் மகள் அந்த நாற்காலியில் ஒருநாள் உட்காரக்கூடும் என்ற நினைப்பில் நுகத்தடியை அவள் தோளிலும் வைத்தேன்.

சிப்கோவோடு அவர்கள் நிற்கவில்லை. மொட்டையான சரிவுகளில் முகாம் போட்டுக் கிராமத்தாரும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து மரம் நட்டார்கள், கல்லணை கட்டினார்கள். பட்டுக்கு 1982இல் மகசேசே விருது கிடைத்தது. சிப்கோ என்றால் மரத்தைக் கட்டிப்பிடிக்கிற படம் மட்டும் எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்த முகாம்கள் இல்லை. அதைத்தான் முதலில் அச்சடிக்க வேண்டும்.

ஜோஷிமட்

திருப்பிரிதி என்று ஆழ்வார் பாடிய தலம் இது என்பார்கள். நரசிங்கப் பெருமாளைச் சேவித்தேன். வெளியே வந்தால் ஒரு வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழே விரல் நுழைகிற விரிசல், கதவில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. 2023 ஜனவரியில் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் விரிசல் விட்டன. பழைய நிலச்சரிவின் மண்மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர், பாரமான கட்டுமானம் கூடாது, சரிவில் மரத்தை வெட்டக்கூடாது, பாறையை வெடிவைத்து உடைக்கக்கூடாது என்று 1976லேயே மிஸ்ரா குழு எழுதிக்கொடுத்தது. மகள் அந்த அறிக்கையைப் பாடத்தில் படித்திருக்கிறாள். 47 வருடம் ஒரு காகிதம் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்றால், நானும் நாளைக்குக் காகிதம்தானே எழுதப்போகிறேன் என்று ராத்திரி கேட்டாள். எனக்கு என்ன சொல்ல என்று தெரியவில்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ரேணி

தவுளிகங்கையோடு ரிஷிகங்கை சேருகிற இடத்துக்கு மேலே தொற்றிக்கொண்டிருக்கிறது ஊர். 1974 மார்ச் 26 அன்று, சீன எல்லைப் போருக்குப் பிறகு எடுத்த நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் என்று ஆண்களைச் சமோலிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஊரில் ஆணில்லாத நேரம் பார்த்து மரம்வெட்டிகள் வந்தார்கள். சுமார் 2,500 மரங்கள் குறிக்கப்பட்டிருந்தன. பார்த்த சிறுமி ஒருத்தி ஓடிவந்து மகளிர் சங்கத் தலைவி கௌரா தேவியிடம் சொன்னாள். 27 பெண்கள் ஏறிப்போய்ப் பாதையை மறித்தார்கள். இந்தக் காடு எங்கள் தாய்வீடு என்று கௌரா தேவி சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். துப்பாக்கிக்கு முன்னாலும் நகரவில்லை. அதற்குப் பிறகு தாவரவியலாளர் வீரேந்திர குமார் தலைமையில் அமைந்த குழு பரிந்துரைத்து, அலகநந்தாவின் மேற்பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டரில் பத்து வருடம் மரம் வெட்டத் தடை வந்தது.

பாடப்புத்தகம் இங்கே முடிந்துவிடும். ஊர் முடியவில்லை. 1982இல் நந்தாதேவி தேசியப் பூங்கா வந்தது. மேய்ச்சலுக்கும் மூலிகைக்கும் மலையேறிகளுக்கு வழிகாட்டவும் போய்வந்த மலைக்கு இந்த ஊர்க்காரர்களே போகக்கூடாது என்று ஆயிற்று. காட்டைக் காத்தவர்கள் காட்டுக்கு வெளியே. 1998இல் பக்கத்து லாதா ஊர்க்காரர்கள் தங்கள் உரிமையைப் பறித்து எடுத்துக்கொள்வோம் என்று மறுபடி ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பிறகு 2021 பிப்ரவரி 7. மேலே ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கை நீர்மின் நிலையத்தைத் துடைத்துக்கொண்டு போனது. கீழே தபோவனத்தில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்களையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு பல இரவுகள் ரேணி மக்கள் மேலே காட்டுக்குள் ஏறிப்போய்த் தங்கினார்கள். கரை அரித்துச் சாலை சரிந்தபோது கௌரா தேவியின் சிலையையும் ஜோஷிமட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

பாலத்தருகே நின்று கீழே பார்த்தேன். ஆறு சின்னதாகத்தான் ஓடுகிறது. இரண்டு பக்கமும் வீடு அளவுக்குப் பாறைகள், சாம்பல் நிற மணல், முறுக்கிக் கிடந்த கம்பிகள். மேலே தேவதாருவும் பைனும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஒரு வீட்டுத் திண்ணையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி கம்பளிநூல் திரித்துக்கொண்டிருந்தார். உப்புத் தேநீர் கொடுத்தார். காபல் பழம் ஒரு கை நிறையக் கொடுத்தார். கறுஞ்சிவப்பில், கொட்டை பெரிதாக, சதை பேருக்குத்தான், புளிப்பும் இனிப்பும். சிப்கோ காலத்தில் அவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்திருக்கவில்லை. இதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் வருவார்கள் போலிருக்கிறது, முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். பிறகு என்னைக் கேட்டார், "உங்கள் ஊரில் காடு எப்படி?"

எங்கள் ஊர்க் காடு! 1877இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு முள்மரமான சீமைக் கருவேலத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அழிக்கச் சொன்னபோது எங்கள் பள்ளிப் பிள்ளைகளோடு நானும் அரிவாள் எடுத்துப் போனேன். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, வேறு எதையும் வளரவிடாது, தப்பே இல்லை. ஆனால் கண்மாய்க்கரையில் ஒரு கிழவி வந்து நின்று, "எல்லாத்தையும் வெட்டிட்டா அடுப்புக்கு என்ன டீச்சர்?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வெட்டிக்கொண்டே இருந்தேன். கரிமூட்டத்துக்காரர் மகள் நான். அந்தக் கிழவியிடம் நின்று பேசியிருக்க வேண்டும். எதைத் தறித்து எதை விட, தறித்த இடத்தில் எதை நட, அது வளருகிற வரை அடுப்புக்கும் ஆட்டுக்கும் என்ன வழி என்று முதலில் அவரிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் கொட்டினேன். மகள் ஒவ்வொன்றாக இந்தியில் சொன்னாள். பாட்டி நூல் திரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அந்த மரம் நின்று எரியுமா என்றார். நின்று எரியும், புகை குறைவு, தணல் நெடுநேரம் கிடக்கும் என்றேன். முள் எவ்வளவு நீளம் என்றார். சுண்டுவிரலைக் காட்டினேன். அவருக்குப் போதவில்லை போல. செருப்பைக் கழற்றி, இடது குதிகாலைத் திருப்பி, எட்டு வயதில் விறகு பொறுக்கப் போய் ஏறிய முள்ளின் தழும்பைக் காட்டினேன். ஊசியைச் சுட்டு அம்மா எடுத்த இடம். இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

பாட்டி குனிந்து பெருவிரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் இடது கையை என் மடியில் வைத்து விரித்தார். ஆள்காட்டி விரலில் தொடங்கி உள்ளங்கை வரை அரிவாள் ஓடிய வடு. "பாஞ்ச்" என்றார்.

மகள் நோட்டை மூடி வைத்துவிட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.